பாக்டீரியக் கோட்டையை இடிக்காமல் கொண்ட வெற்றி

நீளுக நம் குலம்! நுண்ணுயிர்க் கோட்டைகளை உள்ளிருந்து ஆளும் இழைவடிவ வைரசுகளின் நாடாம் இழைநாட்டுப் பேரரசி நெடுங்கோதையாரின் ஆணை தாங்கிய அமைச்சன் கீரன் பதுமன், குடற்கடல் துறையில் பாளையம் இறங்கியிருக்கும் படைத்தலைவர் வெண்கோவரையர்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் பாளையம் செழிக்க; தங்கள் வீரர் மேனியில் செதில் ஒன்றும் உதிராதிருக்க.

கோட்டை நமதாயிற்று.

கோல் வடிவான இந்தப் பாக்டீரியக் கோட்டை, தன் இனத்தாரைத் தொடுவதற்கென வெளியே கயிறு நீட்டி மீண்டும் உள்ளிழுக்கும் வழக்கம் உடையது. நம் வீரன் அக்கயிற்றின் நுனியைத் தன் முனையிலுள்ள பிடிமுகத்தால் பற்றினான். வந்தது பகையென்று அறியாத கோட்டை, தானே அவனை மதில்வரை இழுத்துக்கொண்டது. மேனி போர்த்த செதில்களை மதிலிலேயே களைந்துவிட்டு, நம் குலமரபு பொறித்த ஒற்றை இழை மட்டும் உள்ளே இறங்கிற்று. நாமும் நம் பட்டறையாரும் அவ்விழையிலேயே பொதிந்து உட்புகுந்தோம். கோட்டையின் எழுத்தரே அதற்கு இணையிழை எழுதிச் சேர்த்து, பின் ஓயாமல் படியெடுக்கலாயினர்.

வெளியேறும் வாயிலில்தான் இடர் விளைந்தது. புதிய இழை மதிலைக் கடக்கும்போது, உள்ளே போர்த்தியிருந்த போர்வையைக் களைந்து, மதிலில் காத்திருக்கும் செதில்களை அணிந்தபடியே நீளும். கடைசியில் பிடிமுகம் பூட்டினால்தான் வாயில் அதனை விடுவிக்கும். பட்டறைத் தலைவர் எழினியாரோ, பிடிமுகம் அடுத்த கோட்டையைப் பற்றும்போதன்றோ வேண்டும் என்று கருதி, தொழிலாளர் அனைவரையும் செதில் செய்யவே ஏவிவிட்டார். முதல் இழை வாயிலில் தொங்கியது, அதன் வாலில் இரண்டாவது ஒட்டிற்று, பிறகு மூன்றாவது. இது படையா, தேர்வடமா என்று வாயிற்காவலர் எள்ளினர்.

நாணிய எழினியார், அயல்நாட்டு வால்படையார் செய்வதுபோல் மதிலை வெடிக்கச்செய்து புறப்படலாம் என்றார். வெடித்த கோட்டை ஒருமுறைதான் படை தரும், உயிருள்ள கோட்டை நாளும் தரும் என்று மறுத்தோம். வாயிலில் தொங்கும் வடத்தால் மதில் நெளிகிறது, கோட்டை மடிந்தால் நாமும் உள்ளேயே மடிவோம், அப்போது அமைச்சரின் அறிவுரையைக் கேட்க எவர் இருப்பர் என்று அவர் வினவினார். உடனே செதிற்பட்டறையில் பாதியை நிறுத்திப் பிடிமுகம் செய்யப் பணித்தோம். எழினியாரே முன்னின்று செய்து, நீண்ட வடத்தின் கடையில் தம் கையாலேயே பூட்டினார்.

வாயில் விட்டது! வடம் முழுதும் கடலுள் நழுவ, உள்ளே எழுந்த ஆரவாரம் அடங்க வெகுநேரமாயிற்று. அதுமுதல் இழைகள் தனித்தனியே, பிடிமுகம் பூண்டு, தடையின்றிப் புறப்படுகின்றன. மதிலில் ஒரு கீறலும் இல்லை. கோட்டை முன்னிலும் மெல்ல வளர்கிறது, ஆயினும் வளர்கிறது. இப்போது ஒன்று இரண்டாகப் பிரிந்து, இரண்டிலும் நம் கொடி பறக்கிறது.

ஆகவே ஆணை இதுவாகும். கயிறு நீட்டும் கோட்டை எங்கு காணினும் நுனியைப் பற்றுக. இக்கோட்டையை மீண்டும் அணுகற்க. நாம் புகுந்தபின் அது கயிறு நீட்டுவதை விட்டுவிட்டது. இவ்வோலை கொணரும் எழினியாரைக் கடிய வேண்டா. அடுத்த கோட்டையின் கயிற்றை முதலில் பற்றும் உரிமை அவருக்கே என்பது பேரரசியின் திருவுளம்.

அரச முத்திரை பொறித்தோம். படை புறப்படுக.