யாருக்கெல்லாம் வாழ்த்து அட்டை

என் மனைவிக்கு,

கிறிஸ்துமஸ் அட்டைக்கான உன் பட்டியலை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். என் பதவி உயர்வைக் கெடுத்த மேலாளரின் பெயரை அடித்துவிட்டேன். போன மாதம் நீ கோபித்துக்கொண்டு போய் நின்றதும் கதவைத் திறந்துவிட்ட உன் அக்காவின் பெயரை இரண்டு கோடு போட்டு அடித்தேன்.

“இப்படியே போனா தபால்காரருக்கு மட்டும்தாம்பா அனுப்பணும்,” என்றாள் மகள். அவர் மட்டும் யோக்கியமா? ஒரு நாளாவது கேட்டை மூடிவிட்டுப் போயிருக்கிறாரா?

பிறகு மெதுவாக, “அம்மாவுக்கு ஒண்ணு அனுப்பணுமாப்பா?” என்று கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டு மனுஷிக்கு யாராவது வாழ்த்து அட்டை அனுப்புவார்களா?

நானும் அவளும் எல்லா அட்டையிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. நடுவில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். நீ வந்து போடாமல் ஒன்றையும் தபாலில் சேர்ப்பதாக இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்