பச்சை வலை போட்ட சைக்கிள்

1993 ஒக்டோபர் 5, செவ்வாய்

காலையில் வானம் மப்பு. மழை இல்லை. புதுச் சைக்கிளில் இரண்டாம் நாள். புதிது என்பது எனக்கு மட்டும். கறுப்பு லேடீஸ் சைக்கிள். ரயர் இரண்டும் தேயாதவை. அரசாங்கம் சாமான் விடாத இந்தத் தடைக் காலத்தில் தேயாத ரயர்! பழையதின் ரயருக்குள் வைக்கோல் அடைத்து ஓடியவளுக்கு இது விமானம். பின்சில்லில் சேலை சிக்காமல் இரு பக்கமும் பச்சை நைலோன் நூலில் வலை. யாரோ கையால் பின்னியது.

பாலன் கொண்டுவந்து தந்தான். என் புருஷனின் சித்தப்பா மகன். இயக்கத்தின் முகாம் ஒன்றில் சாமான் அறைக்குப் பொறுப்பு. “சும்மா கிடந்தது மச்சாள், துருப்பிடிக்க விடுறதே?” அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பூமணி ரீச்சர்: “உதுக்குப் பொட்டு வைச்சுக் கும்பிட்டிட்டோ ஏறினனீர்?” எல்லோரும் சிரிப்பு. அவவுடைய சைக்கிளுக்கு பிரேக் செருப்புத்தான்.

பின்னேரம் திரும்பி வரும்போது, இருபாலைச் சந்தி தாண்டி, பின்னால் ஒரு ஆண் குரல். “ராசமணி! ராசமணி!” என் பெயர் இல்லையே. மிதித்தேன். குரல் கிட்ட வந்தது. “ராசமணி, நில்லுமப்பா!” ஒருவர் முந்தி வந்து குறுக்கே நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். மெலிவு. கழுத்தில் தையல்காரரின் அளவு நாடா. என் முகத்தைக் கண்டதும் அவருடைய முகம் அணைந்தது.

“மன்னிக்கோணும்” என்றார். பிறகு பின்சில்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். “உந்தச் சைக்கிள் எங்கை வாங்கினனீங்கள்?”

“சந்தையிலை.”

ஏன் அவ்வளவு கெதியாக வந்தது அந்தச் சொல்? கூப்பிட்ட குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில்.

ஒக்டோபர் 6, புதன்

தேங்காய் எண்ணெய் முடிந்தது. செயினுக்கும் தலைக்கும் ஒரே போத்தல்.

இரவு இவர் தன் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு, டைனமோவில் றேடியோவைக் கொழுவி, செய்தி கேட்க மிதித்தார். இவருக்கு மூச்சு வாங்கினால் செய்திக்கும் வாங்கும். நேற்று நடந்ததைச் சொன்னேன். மிதிப்பதை நிறுத்திவிட்டார். செய்தி பாதியில் செத்தது.

“நீர் என்ன சொன்னனீர்?”

“சந்தை எண்டு.”

“நல்லது.”

அந்த ‘நல்லது’தான் நித்திரையைக் கெடுத்தது. இவருக்கும் ஏதோ தெரியும். அல்லது என்னைப் போல, தெரியாமல் இருக்கத் தெரியும்.

ஒக்டோபர் 8, வெள்ளி

வெயில். புழுக்கம். பத்தாம் வகுப்புக் கணிதம் பாதிதான் முடிந்தது.

பள்ளிக்கூடம் விட, எதிர்ப் பூவரசின் கீழ் அந்த அளவு நாடாக்காரர். விசாரித்து வந்திருக்கிறார். பெயர் தில்லையம்பலம். மானிப்பாயில் தையல். என் பெயரைக் கேட்கவில்லை. “ரீச்சர், வலை நான் பின்னினது. அச்சுக்குக் கிட்ட ஒரு கண் பெரிசு. அதிலை முடிச்சு வழுக்கிப் போட்டுது. பாருங்கோ.”

குனிந்து பார்த்தேன். இருந்தது.

ராசமணி அவருடைய மனைவி. ஊரூராகச் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்கியவ. போன மார்கழியில் இயக்கத்தார் வந்தார்களாம். அவவின் தம்பி முந்தி வேறு இயக்கத்தில் இருந்தவன், அதை விசாரிக்க.

“‘அக்கா, சைக்கிளிலையே வாங்கோ, பின்னேரம் திரும்பி வரலாம்’ எண்டவை. மரியாதையாத்தான் கதைச்சவை. நான் மாதாமாதம் போய்க் கேட்பன். ‘இருக்கிறா’ எண்டுவினம். சைக்கிள் உள்ளை நிக்குமட்டும் ஆளும் உள்ளை இருக்குது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். அண்டைக்கு ரோட்டிலை கண்டவுடனை, விட்டிட்டினம் எண்டு... வீட்டை வராமல் இவ எங்கை போறா எண்டு கோவமும் வந்தது.”

சிரிக்கப் பார்த்தார்.

“சந்தையிலை ஆர் வித்தது, ரீச்சர்?”

“முகம் ஞாபகம் இல்லை.”

இரண்டாம் பொய். முதலாவதை விடச் சுகமாக வந்தது.

ஒக்டோபர் 9, சனி

சந்தையில் மரவள்ளி, கீரை. சவர்க்காரம் இல்லை. கோண்டாவிலில் ஹெலிகொப்டர் சுற்றியது. எல்லோரும் சைக்கிளைப் போட்டுவிட்டு வேலியோடு ஒதுங்கினோம். பக்கத்தில் குந்தியிருந்த மனிசி: “என்ரை சைக்கிளிலை சுட்டாலும் பரவாயில்லை, அதிலை கட்டின முட்டையிலை சுடாமல் விட்டால் காணும்.” சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து சவர்க்காரம் இல்லாமலே உடுப்புத் தோய்த்து முடித்தபின் பார்க்கிறேன், இவர் சவரப் பிளேட்டும் கையுமாகச் சைக்கிளடியில். வலையை அறுத்துவிட்டார். அடுப்புச் சாம்பலில் பச்சையாய் உருகிப்போன நூல்.

“இனி ஆரும் அடையாளம் காணமாட்டினம்.”

கத்தினேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இப்படிக் கத்தியதில்லை.

இவர் குரலை உயர்த்தவில்லை. “எங்கடை மகன் கொழும்புக்குப் போக இயக்கத்திட்டைப் பாஸ் எடுத்துத் தந்தது ஆர்? பாலன். பேர் வெளியிலை வந்தால் அவன்ரை கதி என்ன? உள்ளை இருந்த சாமானைக் கேட்காமல் எடுத்துத் தந்திருக்கிறான்.”

ஆக, இவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

மகனின் கடிதம் இந்த மாதமும் இல்லை. பத்திரமாக இருக்கிறான். அதற்கு நன்றியாக நான் வாய் மூடியிருக்க வேண்டுமா? இருக்கலாம் என்றுதான் மனம் சொல்கிறது. அதுதான் பயம்.

ஒக்டோபர் 11, திங்கள்

நடந்து போயிருக்கலாம். போகவில்லை. தூரம், அதே சைக்கிள்தான்.

பூவரசின் கீழ் அவர். கிட்ட வந்தார். பின்சில்லைப் பார்த்தார். வெறும் கம்பிகள். ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, தன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

என் இரண்டு பொய்யையும் நம்பியவர். அறுத்த வலையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது, இந்த வீட்டுக்கு உண்மை தெரியும் என்று.

சாப்பிட முடியவில்லை. குரக்கன் பிட்டு. இவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

ஒக்டோபர் 12, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்குத் தலையிடி என்று அறிவித்தேன். சுதுமலை வழியாக மானிப்பாய். தூறல். சேலை இரண்டு தரம் சில்லில் சிக்கி, கரை கிழிந்தது.

தையற்கடை என்றால் ஒரு தகரத் தாழ்வாரம், ஒரு மெசின். என்னைக் கண்டதும் மெசின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார். சொன்னேன். பாலன். எந்த முகாம். என் புருஷனுக்கு என்ன முறை. எல்லாம்.

“ரீச்சர், உள்ளை வேறை சைக்கிளும் நிண்டதாமோ? பலதிலை ஒண்டை எடுத்ததெண்டால் ஆள் இன்னும் உள்ளை இருக்கலாம்.”

“அது எனக்குத் தெரியாது.”

“நாளைக்குப் போய்க் கேட்கிறன்.” பிறகு, “மழை விடட்டும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

சீனி இல்லை, பனங்கட்டி தந்தார். அவர் கடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லவேண்டாம் என்றும் கேட்கவில்லை. இரண்டில் எது பிழை? வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சேலை ஏன் கிழிந்தது என்று இவர் கேட்கவும் இல்லை.

ஒக்டோபர் 14, வியாழன்

மழை. பூவரசின் கீழ் நேற்றும் ஆள் இல்லை, இன்றும் இல்லை. பூமணி ரீச்சர் வாணி விழாவுக்குப் பாட்டுப் பழக்குகிறா. சுருதி இல்லை.

விளக்கு வைக்கிற நேரம் பாலன் வந்தான். நனைந்திருந்தான். உள்ளே வரவில்லை. எப்போதும் வந்தவுடன் அடுப்படியை எட்டிப் பார்க்கிற பிள்ளை.

“மச்சாள், நீங்கள் ஏன் அந்த மனிசனுக்குச் சொன்னனீங்கள்? வந்து நிண்டு, என்ரை மனிசின்ரை சைக்கிளை எடுத்தவனைக் கேளுங்கோ, மனிசியைக் காட்டுங்கோ எண்டு கத்துது.”

இவர் என்னைப் பார்த்தார்.

“அவர் எங்கை இப்ப?” என்றேன்.

“அங்கைதான்.”

“வீட்டை விடேல்லையோ?”

“நாளைக்கு உங்களை முகாமுக்கு ஒருக்கா வரட்டாம். ஒண்டும் இல்லை, கேட்பினம். சந்தையிலை வாங்கினது எண்டு சொல்லுங்கோ. நான் தரேல்லை எண்டு நானும் சொல்லிப்போட்டன். ரெண்டு பேரும் ஒண்டாச் சொன்னால் அவரைப் பைத்தியம் எண்டு விட்டிடுவினம்.”

“விடுவினமோ?”

அவன் நனைந்த முகத்தைக் கையால் வழித்தான்.

“ராசமணி எங்கை, தம்பி?”

“எனக்குச் சாமான் அறை மட்டும்தான் மச்சாள்.” அழுதுவிடுவான் போலிருந்தது. இருபத்தாறு வயது. “சத்தியமா. சைக்கிள் வரும், பதிவுத் துண்டு எழுதுவம். ஆக்கள் எங்கடை பக்கம் வாறேல்லை.”

‘சைக்கிள் வரும்’ என்றான். வேறு சைக்கிளும் நிற்கிறது. அவருக்குச் சொல்ல வேண்டும். எப்படி?

ஒக்டோபர் 15, வெள்ளி

விடிய மழை விட்டது. கிணற்றடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. லீவுக் கடிதம் எழுதி அடுத்த வீட்டில் கொடுத்தாயிற்று.

சந்தை என்று நான் சொன்னால் தில்லையம்பலம் பொய்யர். பொய்யரை வீட்டுக்கு விடமாட்டார்கள். அது பாலனுக்கும் தெரியும். பாலன் தந்தான் என்றால் பாலன் போச்சு, ஒருவேளை இவரும். எங்கள் மகன் இனி ஊருக்கு வரமுடியாது. நானும் இருக்கிறேன், அதை மறக்கப் பார்க்கிறேன். இரவு முழுவதும் இதே கணக்கு, எந்தப் பக்கம் போட்டாலும் ஆள் குறைகிறது.

அவருக்குச் சாட்சி நான் ஒருத்திதான். பாலன் தந்தான் என்றே சொல்வேன். ராசமணியைப் பற்றியும் கேட்பேன், வாய் வந்தால்.

இவர் விடிய எழும்பிச் சில்லுக்குக் காற்றடித்து, சைக்கிளைத் துடைத்து வாசலில் விட்டிருக்கிறார். சற்று முன் அறைக்குள் வந்து, மெதுவாக, “பாலன் சொன்னது ஞாபகம் இருக்குதெல்லோ?” என்றார்.

ஓம் என்றேன்.