படத்தில் விழுந்த பின்னல்

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்காலும் அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் காரும் மட்டும் காலையில் கிளம்பக் கொஞ்சம் முரண்டு பிடிக்கின்றன, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, நலமில்லை என்பதை அன்றைக்குப் போனில் மூக்கை உறிஞ்சிய சத்தமே சொல்லிவிட்டது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் வாடி கண்ணு, கிளம்பி வந்துடு என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கும் அதைத்தானே சொன்னேன், உன் அப்பா மட்டும் போனைப் பிடுங்கி, யோசிச்சு சொல்றோம்மா என்று வைத்திருக்காவிட்டால் இந்நேரம் நீ பெட்டி கட்டியிருப்பாய். காகிதத்துக்கு மூக்கு உறிஞ்சத் தெரியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா பார். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு கிரேக்கப் பெரியவர், இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லவே இல்லை, இல்லாததை நினைக்கக்கூட முடியாது என்று ஒரு பாட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார், அதிலும் பெரும்பாலும் தொலைந்துபோய் இப்போது கையில் இருப்பது துண்டும் துணுக்கும்தான். நம் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொருவர் வந்து, இருக்கிறது என்றால் என்ன என்ற கேள்வி அந்த ஆதி கிரேக்கர்களுக்கு உறைத்தது, அப்புறம் உலகமே அதைச் சுத்தமாக மறந்துவிட்டது, நான்தான் தேடி எடுத்துக் கொடுக்கிறேன் என்று தடி தடியாகப் புத்தகம் போட்டார். உன் ஆராய்ச்சிக் கைடு அவருடைய பரம பக்தர். நீயோ, அந்த நவீனக்காரர் தன் கேள்வியைப் பெரியவர் வாயில் திணித்துவிட்டார் என்று ஒரு அத்தியாயமே எழுதி நீட்டிவிட்டாய். கைடு அதைத் திருப்பிக் கொடுத்து, மாற்றி எழுதிக்கொண்டு வா, இல்லாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார், நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்துவிட்டு, எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்கு வந்துடறேம்மா, ஏதாவது ஸ்கூல்ல வேலை பாத்துக்கறேன் என்கிறாய். இதுதானே விஷயம்?

எக்ஸ்ரே எடுக்கிற அம்மாவுக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று வாயைப் பிளக்காதே. உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறோம். போன தடவை வந்தபோது பெட்டியில் இடமில்லை என்று ஒரு தடிப் புத்தகத்தை உன் அறையில் விட்டுவிட்டுப் போனாய் அல்லவா, தூசி தட்டப் போகும்போதெல்லாம் உன் கட்டிலில் உட்கார்ந்து அதைப் புரட்டுவேன். என் பெண்ணை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது என்னதான் என்று ஒரு வயிற்றெரிச்சல். ஒன்றும் ஏறவில்லை. மாடி வீட்டு மின்னல் சாரிடம் கொண்டு போனேன். பழைய பிசிக்ஸ் வாத்தியார், உனக்குத்தான் தெரியுமே, அவர் மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் நான் ஒரு வாளித் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிடுவேன், அந்த வேகத்துக்கு நீ வைத்த பெயர்தானே அது. அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறங்கி வந்து உன் அறையில் உட்கார்ந்து படித்துப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். சத்தம் கேட்டு மருந்துக்கடை அக்கா வந்து சேர்ந்தாள், எங்கே சண்டை நடந்தாலும் அவளுக்கு அதில் ஒரு பங்கு வேண்டும். டீயும் பிஸ்கட்டும் கிடைக்கிறது என்று உன் மாமா வந்தான், எலக்ட்ரிக் வேலை இருக்கிற ஞாயிறு என்று ஒன்று அவன் வாழ்க்கையில் இருந்ததே கிடையாது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன் என்று சொல்ல வந்த உன் அப்பாவும் அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உன் அப்பா ஆற்றுக்காரர் கட்சி. எல்லாம் ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது, எதுவும் நிற்பதில்லை என்று வேறொரு கிரேக்கர் சொன்னாராமே, அவரை இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, சரியான டிரைவிங் மாஸ்டர் என்கிறார். நான் என் பெரியவரை விடுவேனா, எதுவும் அசையவில்லை என்று சொல்கிற மனுஷனை எக்ஸ்ரே ரூமுக்குள் இருந்துகொண்டு நான் எப்படி விட்டுக்கொடுப்பது? நாள் முழுக்க நான் மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க என்று சொல்கிறேன், அவர் நாள் முழுக்க கிளட்சை விடுங்க, வண்டியை எடுங்க என்று சொல்கிறார், இந்த இரண்டு பேருக்கும் பிறந்த நீ நேராகப் போய்க் கிரேக்கர்கள் காலில் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை. மின்னல் சார் நவீனக்காரருக்குக் கொடி பிடித்தார். அக்கா, இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்லை, கடையில மாத்திரை இருக்கான்னு கேட்டா நான் என்ன ஐந்நூறு பக்கமா பதில் சொல்றேன் என்று சொல்லப் போக, சார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையை அடுத்த தெருவில் வாங்க ஆரம்பித்துவிட்டார். அந்தத் தெரு வரைக்கும் அவர் நடந்து போய்த் திரும்புவது என்றால் எவ்வளவு கோபம் இருக்க வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இப்போது போன ஞாயிறு நடந்ததைக் கேள். உன் கஷ்டத்தைச் சபையில் போட்டு உடைத்தேன். அக்கா உடனே உன் கைடை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மின்னல் சார், கோவிச்சுக்காதீங்க, பொண்ணு மேலதான் தப்பு, இத்தனை மாசமா நானும் அந்தப் பெரியவரைப் படிக்கிறேன், நவீனக்காரர் சொல்றதத்தான் அவரும் சொல்றார், வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உன் மாமா ஸ்டூலில் ஏறி உன் அறை ஃபேனை நோண்டிக்கொண்டிருந்தான், அங்கிருந்தபடியே என்னைப் பார்த்து, அக்கா, நான் படிச்சது வேற மாதிரில்ல இருக்கு என்றான். நீ எங்கடா படிச்சே என்று கேட்டால், புத்தகம் பூராவா படிப்பாங்க, நடுநடுவுல சாய்ஞ்ச எழுத்துல சின்னதா வருமே, அதை மட்டும் படிச்சேன், அதுதான் சீக்கிரம் முடிஞ்சுது என்கிறான். நாங்கள் எல்லோரும் அந்தச் சாய்ந்த எழுத்து வரிகளைத் தாண்டிக்கொண்டேதான் போயிருக்கிறோம் சுண்டு. தினசரி காலண்டர் தாளில் கீழே பொன்மொழி போடுவார்களே, அந்த மாதிரி அழகுக்குப் போட்டது என்று நினைத்துவிட்டோம். சார் புத்தகத்தை வாங்கிப் புரட்டுகிறார், புரட்டுகிறார். பெரியவர் எழுதியது அந்தச் சாய்ந்த வரிகள்தான், சுற்றியிருந்த தடித் தடிப் பத்தி எல்லாம் நவீனக்காரருடையது. பெரியவர் பெயரைச் சொல்லி மாசக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்கிறோம், அவர் எழுதியதில் ஒரு வரிகூட எங்களில் யாரும் படிக்கவில்லை, சோம்பேறித்தனத்தால் உன் மாமா ஒருவனைத் தவிர! அக்கா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டாள். அப்புறம் சாரும் சிரித்துவிட்டார், அவர் பல் எல்லாவற்றையும் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரி என்று அந்த வரிகளை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சாரையே வாசிக்கச் சொன்னோம். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆரம்பத்திலேயே ஒரு தேர் வருகிறதே, சக்கரம் கிறீச்சிடுகிறது, பெண்கள் வழிகாட்டிக்கொண்டு போகிறார்கள், பெரிய கதவு திறக்கிறது, இரண்டு பாதை வருகிறது, உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இது வண்டிக் கதை, இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லல என்று எல்லோரிடமும் கோபித்துக்கொண்டு, ஆற்றுக்காரர் கட்சியை விட்டு என் கட்சிக்குத் தாவிவிட்டார். ஆனால் மின்னல் சார் ஒன்று சொன்னார், அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். நவீனக்காரர் இத்தனை தடியா எழுதலேன்னா இந்த ஒல்லி வரியை நம்ம தெருவுல யாரு தேடிப் பாத்திருப்பா என்றார். கைடு உனக்கு எதிரி இல்லை கண்ணு, அவர் யாரை நம்பிப் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தாரோ அவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை ஒரு பெண்ணின் நெஞ்சுப் படத்தில் மேல் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. ஒரு டாக்டர் டிபி என்றார், இன்னொருவர் கட்டி என்றார், இரண்டு பேரும் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏட்டிக்குப் போட்டி. அந்தப் பெண்ணின் அம்மா மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். கடைசியில் பார்த்தால் அது அவளுடைய பின்னல், தோளுக்கு முன்னால் தொங்கியிருக்கிறது, அதன் நிழல்தான். தூக்கிக் கட்டச் சொல்லி இன்னொரு படம் எடுத்தோம், நுரையீரல் பளிச்சென்று இருந்தது. நீ எழுதியதும் இதுதானே, நவீனக்காரரின் பின்னல் பெரியவர் படத்தில் விழுந்திருக்கிறது என்றுதானே? அப்படியென்றால் எங்கள் டாக்டர்கள் மாதிரி கத்திப் பிரயோஜனம் இல்லை, அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தும் பிரயோஜனம் இல்லை, இன்னொரு படம் எடுத்துக் காட்டு. வரி வரியாக வைத்து, இது பெரியவர், இது பின்னல் என்று பிரித்துக் காட்டு. அதோடு உன் பின்னல் அதில் எங்கேயாவது விழுந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள், உனக்கும் முடி நீளம்தான். அதற்கப்புறமும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லு, ஆஸ்பத்திரியில் தினம் அதைத்தான் செய்கிறோம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவருக்குப் பிடிக்கும் என்பதற்காக நீ நம்பாததை மட்டும் எழுதாதே.

அந்தத் துண்டுகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. தூரத்தில் இருப்பதைக்கூட மனசு பக்கத்திலேயே வைத்துப் பார்க்க முடியும் என்கிற மாதிரி ஒன்று. சார் அதற்கு நவீனக்காரர் கொடுக்கும் விளக்கத்தை மூன்று விதமாகச் சொன்னார், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எனக்கு என்னவோ, வெளியூருக்குப் போன பிள்ளையை நினைத்துக்கொண்டு எவளோ ஒரு அம்மா சொல்லி அவர் எழுதிக்கொண்ட மாதிரிதான் பட்டது. இது என் பின்னல்தான், தெரியும், போகட்டும், எல்லோரும் சொல்லும்போது நானும் ஒரு நவீன விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கு நீ வர வேண்டும் சுண்டு. மறைக்கவில்லை. நீ வருகிறேன் என்று சொன்ன அன்று எனக்கு ஒரு நிமிஷம் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது, மகள் தோற்றுப் போய் வருகிறாள் என்பதற்கு எந்த அம்மாவாவது உச்சி குளிர்வாளா? அதனால்தான் சொல்கிறேன், இப்போது வராதே. எழுதி முடித்துவிட்டு வா.

நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். உன் கட்டிலைக் கழற்றி மாமா வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. உன் அறை இப்போது எங்கள் சபைக்கு, ஐந்து நாற்காலி போட்டு நடுவில் மேஜை போட்டிருக்கிறோம், மின்னல் சார் எப்போதோ தூக்கிப் போட வேண்டிய கரும்பலகையைக்கூடக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். இப்போது அவசரப்பட்டு வந்தாயானால் படுக்க இடமில்லை, ஹால் சோபாவில் அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில்தான் சுருண்டுகொள்ள வேண்டும். அப்பாவும் ஒன்று எழுதச் சொல்கிறார். மேட்டில் பாதியில் வண்டி நின்றுவிட்டால் கதவைத் திறந்து இறங்கி ஓடக்கூடாதாம், ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, மூச்சு விட்டு, மறுபடி முதல் கியரில் எடுக்க வேண்டுமாம், பின்னால் ஹாரன் அடிப்பவன் அடித்துக்கொண்டே இருக்கட்டுமாம்.

உடம்பும் மனசும் தெம்பாக இருந்து, நினைத்ததை நினைத்தபடி எழுதி முடிக்க உனக்கு எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதம், சபையார் எல்லோருடைய ஆசியும் சேர்த்து. வெளியே போகும்போது காதை மூடுகிற தொப்பியைப் போட்டுக்கொள். கைடைப் பார்க்கப் போகும் அன்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ, பசியோடு யாரிடமும் வாதாடாதே, பசி வந்தால் உனக்கும் எனக்கும் நாக்கு நீளும். அங்கே போய் நின்றபின் நான் தினமும் எல்லோருக்கும் சொல்வதை நினைத்துக்கொள், மூச்சை இழுத்துப் பிடி, அசையாதே.

இப்படிக்கு,
உன்னை வர வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கும்
அம்மா

பி.கு.: கட்டிலை எடுத்துக்கொண்டு போன மாமா, அக்கா, இதை மாட்ட முடியலையே, போல்ட்டெல்லாம் எங்கே என்று தினமும் போன் செய்கிறான். நாலு போல்ட்டும் என் தையல் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. நீ முடித்துவிட்டேன் என்று சொல்லு, மறுநாளே கட்டிலைத் திரும்ப வரவழைத்து உன் அறையில் மாட்டிவிடுகிறேன்.