வால்டரின் கையெழுத்து

ஹாமில்டன்
8 பிப்ரவரி 1984

அன்புள்ள மார்லீன்,

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எந்நேரமும் என் புருஷனின் ஐஸ் ஹாக்கி ஒப்பந்தப் பேச்சு. வால்டர் ஐந்து வருஷம் கேட்கிறான். அணி மேனேஜர் இரண்டைத் தாண்ட மாட்டேன் என்கிறார். "முப்பத்தோரு வயசுக்கு அஞ்சு வருஷமா? உன் முழங்காலுக்கு யாருப்பா உத்தரவாதம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டாராம். இந்த ஊருக்காக எத்தனை கோல் அடித்தவன்.

ரேடியோவில் தினம் ஒரு புரளி. கறிக்கடைக்காரர் கூட, "எப்பம்மா கிளம்புறீங்க?" என்று கேட்டுக்கொண்டே எடை போடுகிறார். அதிகம் அடிபடுகிற பெயர் உங்கள் சாஸ்கட்டூன்தான். வால்டர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் அவனை வேறு அணிக்கு மாற்ற முடியாது. ஒப்பந்தத்திலேயே அப்படி இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் அவன் அப்பாவின் பண்ணை. பக்கவாதம் வந்ததிலிருந்து மனுஷர் தனியாகக் கிடக்கிறார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

உன் டெனிக்கும் குட்டி நிக்கோலுக்கும் என் அன்பு.

உன்
கொலீன்


சாஸ்கட்டூன்
15 பிப்ரவரி 1984

அடி கொலீன்,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கையெழுத்துப் போடச் சொல். வால்டர் மாதிரி ஒருவன் வந்தால் இந்த ஊரே வாசலில் வந்து நிற்கும். டெனி மாதிரி ஆட்களை எதிராளியை மறிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். கோல் அடிக்கத் தெரிந்தவன் வரட்டும்.

எனக்கும் துணை வேண்டும். நீ ஹாமில்டனிலேயே இருக்கிறவள், உனக்கு மாற்றல் பழக்கமில்லை. மாற்றல் வந்தால் புருஷன் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவான். பெட்டி கட்டுவதும், பள்ளியில் சொல்வதும், வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் மல்லுக்கட்டுவதும் நாம்தான். அப்படித்தான் என் நர்சிங் படிப்பு இரண்டு தடவை பாதியில் நின்றது. இந்த முறை கடைசி வருஷம் வரை வந்துவிட்டேன். ஜூனில் தேர்வு. நேற்று வார்டில் ஒரு பெரியவர், "உனக்குக் கை மெத்துன்னு இருக்கு, நீயே ஊசி போடு" என்றார். வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.

சீக்கிரம் வா.

உன்
மார்லீன்


ஹாமில்டன்
26 பிப்ரவரி 1984

அன்புள்ள மார்லீன்,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் எழுதுகிறேன். வால்டரைக் கொடுத்தால் பதிலுக்கு எங்கள் அணிக்கு டெனி வேண்டுமாம். எங்கள் மேனேஜருக்கு, முன்பு இங்கே ஆடிய அவனைப் போகவிட்டது இன்னும் மனத்தாங்கலாம். வால்டர் இதை நேற்றுத்தான் என்னிடம் சொன்னான். மார்லீனின் படிப்பு என்னாவது என்று கேட்டேன். "டெனி எந்த ஊர்லயும் பிழைச்சுக்குவான் கொலீன். எங்கப்பாவுக்கு நான் ஒருத்தன்தான்" என்றான்.

போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டெனி எடுத்தால் என்ன பேசுவது? நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது. வால்டர் கையெழுத்துப் போடாமல் நிறுத்திவிடுகிறேன்.

உன்
கொலீன்


சாஸ்கட்டூன்
3 மார்ச் 1984

கொலீன்,

உன் கடிதம் நேற்று, வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே, புதன்கிழமை ஆட்டத்தில் டெனியை இறக்கவில்லை. கோட்டு சூட்டுடன் மேல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவனுக்கு அடியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. விலை பேசிய ஆளுக்குக் காயம் பட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படி உட்கார வைப்பார்கள். இது நமக்குத் தெரியாததா? அரங்கில் ஆட்டக்காரர்களின் மனைவிமார் அறையில் எல்லோரும் என்னிடம் திடீரென்று அன்பாகிவிட்டார்கள். என்னோடு முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை டெனி ஹாமில்டனுக்கு விமானம் ஏறினான்.

வால்டர்மேல் எனக்கு வருத்தமில்லை. அப்பாவுக்காகப் போட்ட கையெழுத்து. என் கோபம் உன்மேல்தான். இங்கே கடிதம் வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்று உனக்குத் தெரியும். போன் செய்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், நீயும் அதைக் கேட்டிருக்க வேண்டியிருக்கும். கேட்டோம் என்றும் இருக்க வேண்டும், பதிலும் வரக் கூடாது. அதற்குத்தான் தபால்.

இந்த முறை நான் பெட்டி கட்டவில்லை. விமான நிலையத்தில் டெனி, "நீ படிச்சு முடி. நான் எப்படியோ சமாளிச்சுக்கிறேன்" என்றான். நிக்கோல் அவன் கழுத்தை விடவே இல்லை. அவனுக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது. நீ கிளம்புவதற்குள் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுச் சோறு போடு.

இனி நீயும் நானும் ஒரே ஊர். வீட்டுப் பக்கம் வராதே. போனும் செய்யாதே. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், நாலு தெரு தள்ளி இருந்தாலும், தபாலில் எழுது.

மார்லீன்