சின்ன ஆபரேஷன்

14-8-1961, திங்கட்கிழமை

என் மார்பிலிருந்த கட்டியைச் சோதித்த முடிவைக் கேட்க இன்று திருச்சிக்குப் போனோம். டாக்டரம்மா இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி கழித்து இவர் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சாதாரணக் கட்டிதான். வியாழக்கிழமை சின்னதா ஒரு ஆபரேஷன்" என்றார்.

அவர் மருந்து வாங்கப் போனதும் நான் உள்ளே நுழைந்தேன்.

"என்னண்ட சொல்லுங்கோ டாக்டர். என் உடம்புதானே?"

டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்தினார். "புற்றுநோய்தாம்மா. ஆனா ஆரம்பத்திலேயே பார்த்துட்டோம். இடது மார்பை முழுசா எடுத்துடணும். பிழைச்சுக்கலாம். இருபத்தாறு வயசுதானே, உன்னால தாங்க முடியாதுன்னு உன் புருஷன் பயப்படறார்."

பஸ் காவேரிப் பாலம் ஏறும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடமும் அதே பொய்யைச் சொன்னார். "பெருமாள் காப்பாத்திட்டார்" என்று மாமியார் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

குழந்தை எப்போதும்போல் என் இடது மார்பில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். வலித்தது. நகர்த்த மனசு வரவில்லை. அப்புறம் அவர்தான் தூக்கிப் பாயில் விட்டார்.

சற்றுமுன், "ஏன்னா, எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"எது?" என்று கேட்டார், திரும்பாமலே.

அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை. இதை எழுத உட்கார்ந்தேன். அவர் இன்னும் திரும்பவில்லை.