புகை எழாத வீடு

கொய்ஹைக்கே,
ஜூலை, ஞாயிறு மதியம்.

பிரியமுள்ள எடெல்மிராவுக்கு,

உன் புருஷன் பால்தோமேரோ எழுதுவது. சுகமா என்று கேட்கக்கூட இந்த முறை கூசுகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் மகள் யாஸ்னா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், மருமகன் காதில் விழும். என் மானம் இந்தத் தெருவில் போனது போதும், நீ இருக்கிற புவெர்த்தோ மோன்ட் வரைக்கும் போக வேண்டாம். அதனால்தான் அங்கே வருகிற லாரிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் விஷயம். வியாழக்கிழமை நீ புறப்படாதே. வீடு இன்னும் உனக்கு ஆகிற நிலையில் இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. "இன்னொரு குளிர்காலம் விறகுப் புகையில இருந்தாங்கன்னா நான் பொறுப்பில்ல" என்று என் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னார். நம் ஊருக்குக் குழாயில் கேஸ் வராது. வேறு என்ன வைப்பது என்று கடை கடையாக அலைந்தேன். சிலிண்டர் ஹீட்டர் வைத்தால் சுவரெல்லாம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மண்ணெண்ணெய் அடுப்பின் நாற்றம் எனக்கே ஆகாது, உன் நெஞ்சு எப்படித் தாங்கும்? மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளைப் போட்டு எரிக்கிற அடுப்பு நல்லதுதான். ஆனால் இந்த ஜூலை மாத நடுக்குளிரில் அந்த மூட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டும், கொஞ்சமாவது புகையும் உண்டு. கடைசியில் சுவரில் மாட்டுகிற மின்சார மிஷினை வாங்கினேன், வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே ஊதுமாம். உறைபனி விழுகிற விடியற்காலையில் கொஞ்சம் திணறுகிறது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பாய். கம்பளி இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

மிஷினில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான். பழைய இரும்பு விறகடுப்பைக் கழற்றி வெளியே போட்டாயிற்று என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது பொய். அடுப்பின் மேல் உன் மேசை விரிப்பைப் போர்த்தி, ஒரு பூந்தொட்டியையும் வைத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

நம் தெரு உனக்குத் தெரியும். கூரையில் புகை எழுந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது, கெண்டியில் வெந்நீர் இருக்கிறது, கதவைத் தட்டாமல் உள்ளே போகலாம் என்று அர்த்தம். புகை இல்லாவிட்டால் திரும்பியே பார்க்க மாட்டார்கள். மிஷின் வந்த நாளிலிருந்து ஒருவரும் வரவில்லை, எடெல்மிரா. மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லாமல் நானே ஊற்றி நானே உறிஞ்சினேன். மின்சாரக் கெண்டி கொதித்ததும் தானாக அணைந்துவிடுகிறது, பேச்சுத் துணைக்குக்கூட முனகுவதில்லை. கடைத்தெருவில் நம் தெரு செகுண்டோவைப் பார்த்தபோது, "ஊர்ல நெருப்பில்லாமப் புகையாதும்பாங்க. உங்க வீட்ல புகையில்லாம நெருப்பாமே, பெரிய மனுஷங்கப்பா!" என்று கேலி செய்துவிட்டுப் போனான். வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

நேற்றுக் காலை உன் மெத்தையை உதறிப் போட்டேன், திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டினேன். நீ வரும்போது வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாது, நாலு பேரை முன்கூட்டியே வரப் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுப்பை மூட்டினேன். கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த விறகு, ஈரம். புகைக்குழாயையும் இந்த வருஷம் துடைக்கவில்லை.

புகை தெரிந்ததுதான் தாமதம், வந்துவிட்டார்கள். செகுண்டோ வாசலிலேயே, "யோவ் பெருசு, உசுரோடதான் இருக்கியா? நீயும் பொண்டாட்டி பின்னாடியே ஓடிட்டேன்னுல்ல நெனச்சோம்!" என்று கத்தினான். பக்கத்து வீட்டு ஒத்திலியா பொரித்த ரொட்டியோடு வந்தாள். மாத்தே கைமாறியது. நான் சிரித்தேன், வெட்கமில்லாமல் வயிறு வலிக்கச் சிரித்தேன். குழாய் அடைத்துக்கொண்டு புகை உள்ளே திரும்பியதுகூட எனக்கு உறைக்கவில்லை. கண் எரிந்தது, ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி கதைக்க உட்கார்ந்தேன்.

கழற்றி வைத்த தன் சால்வையை எடுக்க ஒத்திலியா நம் படுக்கையறைக்குப் போனாள். பிறகு அறை வாசற்படியில் வந்து நின்றாள். உன் புதுத் தலையணை அவள் கையில் இருந்தது. "மோந்து பாருய்யா. இதுலயா அவ தலைய வெக்கப் போற? அவ மூச்சுக்காகப் புகையில்லாத மிஷின வாங்கிச் சுவத்துல மாட்டிட்டு, இந்தப் பக்கம் விறகையும் எரிக்கிறியே, அவள வரச் சொல்றியா, போகச் சொல்றியா?" என்றாள். எல்லோரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல எனக்கு இருந்தது. தலையணையை முகர்ந்து பார்த்தேன். கருகின ஈர விறகின் வாடை. அதில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நெருப்பை உனக்காக மூட்டவில்லை. எனக்குத் தனிமை பொறுக்கவில்லை. உன் மூச்சை விட எனக்கு அரட்டை பெரிதாகிவிட்டது.

இன்று காலை செகுண்டோவும் அவன் மைத்துனனும் அடுப்பைத் தூக்கி வெளியே போட்டார்கள். புகைக்குழாய் போன கூரை ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தாயிற்று. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி அந்த மூலையையே சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒத்திலியா சுவர்களைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். கழுவக் கழுவ என்னைத் திட்டுகிறாள், அது எனக்கு வேண்டியதுதான். மெத்தையைப் புதிதாகவே வாங்கிவிடப் போகிறேன். வாடை போய்விட்டதா என்று நான் சொல்ல மாட்டேன், என் மூக்கை இனி நம்ப வேண்டாம். ஒத்திலியா முகர்ந்து பார்த்து யாஸ்னாவிடம் சொல்வாள். அதன் பிறகு புறப்படு.

ஒருவேளை இதைப் படித்துவிட்டு, மகள் வீடே போதும் என்று உனக்குத் தோன்றினால், என்னால் உன்னைக் குறை சொல்ல முடியாது. மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. வெளியே போகும்போது வாயை மூடிக் கம்பளி சுற்றிக்கொள். கன்னி மரியாள் உனக்குத் துணை.

வருகிறாயென்றால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தெருமுனையில் இறங்கிப் பழக்கத்தில் கூரையைத்தான் பார்ப்பாய். புகை இருக்காது. ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விடாதே. உள்ளே நான் இருப்பேன்.

தலைகுனிந்து,
உன் பால்தோமேரோ