தே ஓ கோசோங்

ஜூலை 14, செவ்வாய்

நான் கல்லா பார்க்கும் சாப்பாட்டுக் கடைக்குப் புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் முருகேசன் அண்ணனிடம் நேற்று ஒருவர் ‘தே ஓ கோசோங்’ கேட்டார். மலாயில் கோசோங் என்றால் காலி என்று மட்டும்தான் அண்ணனுக்குத் தெரியும். பாலும் சீனியும் போடாத தேநீர் என்று தெரியாமல் காலிக் கிளாஸைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். இன்னொரு தப்பு நடந்தால் பழையபடி தட்டு கழுவத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இன்று கடை திறக்குமுன் நான் கஸ்டமர் மாதிரி உட்கார்ந்து அண்ணனை ஆர்டர் எடுத்துச் சொல்லப் பழக்கினேன். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே எனக்குக் குரல் எழும்பாது.

“கஸ்டமர் இன்னும் பசியாறலையா தங்கச்சி? ஒண்ணும் காதுல விழல.” அண்ணன் சிரித்தார்.

“சிரிச்சா எழுந்து போயிடுவேண்ணே.”

பத்து முறையாவது சொல்லிப் பார்த்திருப்போம்.

மத்தியானம் நேற்றைய அதே ஆள் வந்து அண்ணனைக் கேட்டார். “இன்னைக்கும் காலிக் கிளாஸா, பாஸ்?”

அண்ணன் தேநீர் கலக்குபவரிடம் சரியாகத்தான் சொன்னார். ஆனால் என்னைப் போலவே முணுமுணுத்தார். யாருக்கும் கேட்கவில்லை. கல்லாவிலிருந்த என்னைப் பார்த்தார்.

“தே ஓ கோசோங் ஒண்ணு!”

கத்தியது நான்தான். கடையே திரும்பியது. நான் குனிந்து கல்லாவுக்கு அடியில் எதையோ தேடினேன்.

நிமிர்ந்தபோது அண்ணன் தேநீரை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போயிருந்தார். அங்கே கேட்ட ஆர்டரை அவரே கத்தினார். என்னைவிடச் சத்தமாக.